ஸ்போக்கன் இங்கிலீஷ் பிறகு, முதலில் காதைப் பழக்குங்கள்

தமிழ்வழியில் படித்த மகள் பொறியியல் முதலாண்டில் பாடம் புரியாமல் தவிக்கிறாள், ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். விரிவுரையில் சொற்கள் தனித்தனியாகக் காதில் பிடிபடாததுதான் தமிழ்வழி மாணவர்கள் பலருக்கு வரும் முதல் சிக்கல். பேச்சு வகுப்பு அதைத் தீர்க்காது.

அவளுடைய பாடத்தில், எழுத்துவடிவமும் கிடைக்கும் என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களின் இலவச இணையப் பாடங்கள்) காணொளி ஒன்றில் ஒரு நிமிடத்தை மட்டும் எடுக்கட்டும். முதலில் நிறுத்தாமல் கேட்டு, எதைப் பற்றிய பேச்சு என்று தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். அடுத்த இரண்டு முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்ததை எழுத வேண்டும். பிறகு எழுத்துவடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் குறிக்க வேண்டும்: தெரியாத சொல்லா, தெரிந்தும் பிடிபடாத சொல்லா? யூடியூப் தானாகப் போடும் சப்டைட்டிலை நம்ப வேண்டாம். கலைச்சொற்கள் பல நேரம் தப்பாக வரும்.

காரணம் குறிக்கும் இந்த வேலையைப் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் பயிற்சியே வீண், ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. ‘ஒன் ஆஃப் த’ என்பது வேகத்தில் ‘ஒன்னாஃப்த’ என்று ஒட்டி வரும். அகராதியைப் புரட்டிப் பயனில்லை. அந்த வரியைப் பேசுபவரோடு சேர்ந்து ஐந்து முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தெரியாத சொற்களுக்கு அட்டை போடலாம். முன்பக்கம் அந்தச் சொல் வரும் இடத்தை வெறும் கோடாக விட்ட வாக்கியம், பின்பக்கம் சொல்லும் தமிழ்ப் பொருளும். நாளுக்கு எட்டு போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், திருப்பிப் பார்க்கும் முன் நினைவுகூர முயல வேண்டும். பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்துவிட்டதுபோல் தோன்றும், தேர்வில் வராது. ‘வோல்டேஜ்’ அவளுக்குத் தெரியும்; ‘ஹென்ஸ்’ (ஆகவே), ‘வேர்அஸ்’ (மாறாக), ‘வித் ரெஸ்பெக்ட் டு’ (பொறுத்து) போன்றவைதான் வாக்கியத்தின் போக்கையே மறைப்பவை. அட்டையில் அவற்றுக்கே முதலிடம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். கருத்தைத் தமிழில் படித்துவிட்டுப் போனால், வகுப்பில் மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

வீட்டில் ஆங்கிலத்தில் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இரண்டாம் செமஸ்டரில் தோழி ஒருத்தியிடம் ஒரே தலைப்பை நான்கு நிமிடம், அடுத்து மூன்று, பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகட்டும். பேச்சுக்கு அங்கிருந்து தொடங்கலாம்.