தண்ணீர் டேங்க் மேலே மக்களுக்கு என்ன வேலை?

கேள்வி: சில நாடுகளில் குடிநீர்த் தொட்டியின் உச்சியில் காட்சி மாடம் அமைத்துப் பொதுமக்களை ஏற விடுகிறார்களாமே! குடிக்கிற தண்ணீரோடு விளையாடலாமா? வேடிக்கை பார்க்கத் தனியாக ஒரு கோபுரம் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

பதில்: யாரும் விளையாடவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் வாலன்டியர் பார்க் நீர்க்கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1906-இல் கட்டியது. நடுவில் எஃகுத் தொட்டி, அதைச் சுற்றிச் செங்கல் சுவர், இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு, மொத்தம் 107 படிகள். ஏறுகிறவருக்கு ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் தொட்டியின் தகடு. தண்ணீர் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டைக்கூடத் தொட முடியாது.

பாரம் தாங்குமா என்றும் சிலர் கேட்பார்கள். ஸ்வீடனில் ஓரெப்ரோ நகரத்து 'ஸ்வாம்பென்' கோபுரம் 1958-இல் வந்தது, 58 மீட்டர் உயரம், 90 லட்சம் லிட்டர் கொள்ளும். அதாவது 9,000 டன் தண்ணீர்! அதைத் தாங்கும் கட்டடத்துக்கு நூறு பேர் ஏறினால் கூடுகிற ஏழெட்டு டன் ஒரு பாரமா? குவைத் கோபுரத்தில் பெரிய உருண்டையின் கீழ்ப்பாதியில் தண்ணீர், மேல்பாதியில் உணவகம், அதற்கும் மேலே சுழலும் காட்சி மாடம். 1979-லேயே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அப்புறம், தனிக் கோபுரம் எதற்கு? பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் குழாயில் சுமார் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும், அதனால்தான் மேடான இடமாகத் தேடி அதற்கு மேலும் தூக்கிக் கட்டுகிறோம். ஊரிலேயே நல்ல உயரத்தை மக்கள் பணத்தில் எழுப்பிவிட்டு, அதே மக்களைக் கீழேயே நிற்கவைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் ஒன்று. வெளியே ஒட்டவைத்த இரும்பு ஏணியும் பூட்டில்லாத மூடியும் உள்ள பழைய டேங்க்குகளில் யாரையும் ஏற்றவே கூடாது, அங்கே வேலி போட்டுப் பூட்டுவதுதான் சரி. நான் சொல்வது புதிதாகக் கட்டப்போகிறவற்றை. வரைபடம் போடும்போதே படிக்கட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே முழுச் சுவர், காற்றுத் துளைகளுக்கு வலை, ஊழியர்களுக்குத் தனி வழி, முதியவர்களுக்கு லிப்ட் என்று எழுதிவிட வேண்டும், கட்டி முடித்த பிறகு யோசித்தால் நடக்காது.