அப்பாவைத் தடுக்காதீர்கள், கூடப் போங்கள்

78 வயது, முழங்கால் வலி, ஆனாலும் தன் பழைய ராணுவப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமெண்டின் சந்திப்புக்கு, குன்னூர் பக்கத்து வெலிங்டன் போயே தீருவேன் என்கிறார் அப்பா, விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக விடுங்கள். 1971 போரில் அவரோடு நின்றவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னொரு முறை பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் வயதில்லை அது.

மலை ரயில் வேண்டாம். குன்னூர் ஏறவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், காலை நீட்ட முடியாது. காரில் போங்கள், நீலகிரிக்குள் வண்டி நுழைய ஆன்லைனில் வாங்கும் இ-பாஸை முன்பே எடுத்துவிடுங்கள். ஊர் 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது, குளிர் மூட்டைப் படுத்தும், கம்பளி அவசியம். போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கும்போது அவர் நிற்கத்தான் பார்ப்பார். நாற்காலிக்கும் தரைத்தள அறைக்கும் அமைப்பாளர்களிடம் இப்போதே சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, இதுதான் முக்கியம். ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை இரண்டிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா பாருங்கள். பிழை இருந்தால் பின்னாளில் குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மா அலைய வேண்டியிருக்கும். வீரர்களின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வெலிங்டனிலேயே இருக்கிறது. நகல்களோடு போய், திருத்த என்னென்ன வேண்டும் என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.