பிரஷருக்குத் தண்ணீர்ப் பயிற்சி: 18,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 57. மதுரை திருநகரில் இருக்கிறேன். நான்கு வருடமாக அம்லோடிபின் 5 மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 150/94-க்குக் கீழே இறங்கவில்லை. சுகரும் உண்டு. முழங்கால் வலியால் நடைப்பயிற்சி முடியவில்லை. தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். 24 முறைக்கு 18,000 ரூபாய். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? எனக்கு நீச்சல் தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் பதில்: மீதியைக் கட்டாதீர்கள் அம்மா. ஆனால் தண்ணீரில் தாராளமாக இறங்குங்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

நீச்சல் தெரிய வேண்டியதே இல்லை. நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உங்கள் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் முழங்காலுக்கு வரும். அதனால் தரையில் நடக்க முடியாதவர்களும் அங்கே நடக்கிறார்கள். தண்ணீர் காலை அழுத்துவதால் அங்கே தேங்கியிருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறும். உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் நினைத்துக்கொள்ளும். உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லி சிறுநீரகத்துக்குச் செய்தி போகும். நீச்சல் குளத்தில் இறங்கியதும் சிறுநீர் முட்டுவது இதனால்தான். முன்கூட்டியே போய்விட்டு வாருங்கள்.

பலன் எவ்வளவு? எந்தப் பயிற்சியானாலும் விடாமல் செய்தால் பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சுமாராக 5 முதல் 8 வரை குறையும். உங்கள் 150-க்கு அது மட்டும் போதாது. பிரேசிலில் பல மாத்திரைகளுக்கும் அடங்காத பிரஷர்காரர்களை வெதுவெதுப்பான குளத்தில் 12 வாரம் பயிற்சி செய்ய வைத்த ஆய்வு 2014-இல் வந்தது. நன்றாகவே குறைந்தது. ஆனால் அவர்கள் மாத்திரையை நிறுத்தவில்லை. விளம்பரக்காரர்கள் இந்த வரியை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. பயிற்சி முடிந்து கரையேறியதும் பிரஷர் பார்த்து, "பாருங்கம்மா, இன்னைக்கே இருபது குறைஞ்சிருக்கு" என்பார்கள். பயிற்சி முடிந்த பிறகு சில மணி நேரம் பிரஷர் இறங்கியிருப்பது இயல்பு. வைகைக் கரையில் வேகமாக நடந்தாலும் இறங்கும். அந்த எண்ணை நம்பி மாத்திரையை விட்டவர்களை நான் பார்க்கிறேன்; பக்கவாதத்தோடு வருகிறார்கள். காலையில், மாத்திரைக்கு முன்னால், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்து இரண்டு முறை பாருங்கள். ஒரு வாரம் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் பிரஷர். கால் வீக்கம் வடிந்தது என்று காட்டினாலும் மயங்காதீர்கள். அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். தண்ணீர் அழுத்தத்தில் அது வடியும், பிறகு திரும்பி வரும்.

தவிர, மூன்று மாதத்துக்கு 24 முறை என்றால் வாரத்துக்கு இரண்டு நாள்தான். மூன்று நாளாவது வேண்டும். உங்களை அங்கே கூட்டிப்போனவருக்குக் கமிஷன் உண்டா என்றும் விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

முதலில், ஒரு வாரம் பிரஷர் எழுதி வைத்த அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். நான்கு வருடமாக அதே மாத்திரை, அதே அளவு, எண் மட்டும் குறையவில்லை என்றால் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, சீட்டைப் புதுப்பித்துக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்லதுதான். அளவு சரியா என்ற கேள்வியை நாமேதான் கேட்க வேண்டியிருக்கிறது. 180/110-ஐத் தாண்டினால் குளம் பக்கமே போக வேண்டாம். இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

உங்களுக்கு சுகரும் இருக்கிறது என்பதால் கால் விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை லேசாக, அழுத்தாமல் தொடட்டும். ஆறில் இரண்டு தெரியவில்லை என்றால் கால் மரத்துப் போயிருக்கிறது. அப்படியானால் ரப்பர் அடி போட்ட நீச்சல் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். குளத்தின் அடித்தளம் சொரசொரப்பாக இருக்கும், தோலோ ஊறி மெத்தென்று இருக்கும், கீறினால் தெரியாது. சித்திரை வெயிலில் குளத்து மேடையில் நாலு எட்டு வெறுங்காலோடு வைத்தால் கொப்பளிக்கும், அதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சின்னப் புண் இருந்தாலும் ஆறும்வரை தண்ணீர் வேண்டாம்.

பயிற்சி எளிது. நாலடி ஆழத்தில் முன்னோக்கி, பின்னோக்கி, பக்கவாட்டில் நடை. கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி இறக்குவது. 20 நிமிடத்தில் தொடங்கி 40 வரை கூட்டலாம். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். மூச்சை அடக்காதீர்கள். மார்கழிக் குளிரில் சட்டென்று இறங்கினால் பிரஷர் எகிறும், படிப்படியாக இறங்குங்கள். கரையேறும்போது தலை சுற்றலாம். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

எங்கே போவது? ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கோ வேறு பொதுக் குளத்திலோ மூன்று விஷயம் கேளுங்கள்: பெண்களுக்கு நேரம் உண்டா, நாலடிப் பகுதி எவ்வளவு நீளம், லைஃப் கார்டு நிற்பாரா. நம் ஊரில் குளம் என்றாலே போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு என்றுதான் நினைப்பு. முழங்கால் வலிக்காரருக்கு நேரம் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விடாமல் கேளுங்கள். கிராமத்துக் கிணறும் பெரியாறு வாய்க்காலும் வேண்டவே வேண்டாம். பருத்திச் சுடிதார் தண்ணீரை இழுத்துக் கனக்கும். நைலான் லெகின்ஸும் டி-ஷர்ட்டும் போதும்.

அந்த 2,000-க்கு ரசீது வாங்கியிருந்தால் அதோடு போய், "மாத்திரையை நிறுத்தலாம் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மீதியைக் கட்டுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முன்பணம் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.