அப்பாவை யாழ்ப்பாணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அப்பாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. ஊர்ல ஒரு இயக்கத்துக்கு நோட்டீஸ் ஒட்டினது, கூட்டத்துக்கு ஆள் சேர்த்ததுன்னு இருந்ததால ஆர்மி தேட ஆரம்பிச்சு, 1990-ல படகேறி வந்து மண்டபத்துல பதிஞ்சவர். அம்மா இங்கயே தவறிட்டாங்க. இப்ப அப்பா "தெல்லிப்பழைல போய்த்தான் கண்ண மூடுவேன்"னு ஒத்தக்கால்ல நிக்கிறார். தம்பி 1993-ல முகாம்ல பிறந்தவர், கல்யாணம் பண்ணது இங்கத்துப் பொண்ணை, ஒரு குழந்தை இருக்கு. அப்பாவை ஏர்போர்ட்லயே புடிச்சுடுவாங்களா, நாங்களும் கூடப் போலாமா, ஊர் வீட்டுல அத்தை மகன் பத்து வருஷத்துக்கு மேல இருக்கார் அது திரும்பக் கிடைக்குமா, இதான் கேள்வி.

தம்பி, அப்பா கேஸ் வேற உங்க கேஸ் வேற, ரெண்டையும் ஒரே மனுல எழுதிக் குடுத்துடாதீங்க. எல்லாரும் ஒண்ணாவே கிளம்பிடலாம்னு அவசரப்பட்டா அப்பாவுக்கு சரியாப் போனாலும் நீங்க நடுவுல மாட்டிப்பீங்க.

முதல்ல அரெஸ்ட் பயம். அது வீண் பயம்னு நான் சொல்ல மாட்டேன். 2025 மே மாசம் இங்க முகாம்ல இருந்து முறையா அனுமதி வாங்கி, ஐ.நா. அகதிகள் ஆணையம் உதவியோட போன ஒரு வயசான மனுஷரையே யாழ்ப்பாணம் பலாலி ஏர்போர்ட்ல புடிச்சு ரிமாண்ட் பண்ணிட்டாங்க, அப்புறம்தான் வெளில வந்தார். காரணம் அரசியல் இல்ல, அந்தக் காலத்துல பாஸ்போர்ட் இல்லாம படகுல நாட்டை விட்டுப் போனதுதான், இலங்கையோட 1948 குடிவரவு குடியகல்வுச் சட்டத்துல அது இன்னும் குத்தம். உயிரைக் காப்பாத்த ஓடினவங்களை முப்பது வருஷம் கழிச்சு இப்படிப் பண்றது அநியாயம், அங்கயும் பெரிய எதிர்ப்பு வந்துச்சு, கொள்கையை மாத்துறோம்னு அரசாங்கமும் சொன்னாங்க. ஐ.நா. ஆணையம் அதுக்கப்புறம் அனுப்பி வைக்கிறதை நிறுத்தி வச்சது. அதனால டிக்கெட் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி ஆணையத்தோட சென்னை ஆபீஸ்லயும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துலயும் (1984-ல சந்திரஹாசன் ஆரம்பிச்சது, உங்க முகாம்ல அவங்க ஆட்கள் இருப்பாங்க) இன்னைக்கு நிலவரம் என்னன்னு நேர்ல கேளுங்க.

அடுத்து அப்பாவோட பழைய இயக்கத் தொடர்பு. நோட்டீஸ் ஒட்டினதுக்காக இத்தனை வருஷம் கழிச்சு கேஸ் வர்றது கஷ்டம்தான், ஆனா 1979 பயங்கரவாதத் தடைச் சட்டம் எவ்வளவு பேரை எவ்வளவு வருஷம் உள்ள வச்சதுன்னு நமக்குத் தெரியும், அதனால பாத்துட்டே போகணும். யாழ்ப்பாணத்துல ஒரு சட்டத்தரணியை (வக்கீல்) புடிச்சு அப்பா பேர்ல நீதவான் கோர்ட்ல பழைய பிடியாணை (வாரண்ட்) ஏதாவது இருக்கான்னு தேடச் சொல்லுங்க. 2012 ஐ.நா. ஒழுங்குவிதியின் கீழ, பயங்கரவாதத் தொடர்புன்னு சொல்லி இலங்கை அரசு போடுற தடைப் பட்டியல்ல வர்ற பேரெல்லாம் கஜெட்ல வெளியாகும், அதுலயும் ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க. அவர் இறங்குற அன்னைக்கு அந்த சட்டத்தரணி ஏர்போர்ட் வாசல்ல நிக்கணும், ஃபோன் நம்பர் அப்பா சட்டைப் பைல தாள்ல எழுதி இருக்கணும்.

இந்தியாப் பக்கத்து வேலை அலைச்சல்தான், ஆனா நடக்கும். முகாம் வருவாய் ஆய்வாளர் வழியா கலெக்டருக்கும் மறுவாழ்வுத் துறைக்கும் மனு, க்யூ பிராஞ்ச் (தமிழ்நாடு போலீஸோட உளவுப் பிரிவு) விசாரணை, சாஸ்திரி பவன்ல வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல எக்ஸிட் பெர்மிட் (நாட்டை விட்டுப் போற அனுமதி), நுங்கம்பாக்கத்துல இலங்கைத் துணைத் தூதரகத்துல பயண ஆவணம். பாஸ்போர்ட் விசா இல்லாம இருந்ததுக்காக பயப்பட வேண்டாம், 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்களுக்கு அந்தத் தண்டனை கிடையாதுன்னு 2025 செப்டம்பர்ல உள்துறை உத்தரவு போட்டுடுச்சு. ஒண்ணு மட்டும் அப்பா தெளிவா இருக்கணும், பெர்மிட்ல வெளில போயிட்டா முகாம் பதிவு போச்சு, மாசாமாசம் அரசு தர்ற பணக்கொடை போச்சு, பேரனைப் பாக்க வரணும்னா விசா எடுத்துத்தான் வரணும். போறேன்னு சொல்றது அவர் வாயாலதான் வரணும், வேற யாரும் தள்ளக் கூடாது. அகதிகளைக் கட்டாயப்படுத்தி அனுப்பறாங்கன்னு 1992-ல நெடுமாறனும் ராமதாஸும் போட்ட வழக்குல சென்னை ஹைகோர்ட் தலையிட்ட பிறகுதான் விருப்பத்தோட போறாங்களான்னு ஐ.நா. ஆட்கள் கேட்டு உறுதி பண்ற முறையே வந்துச்சு.

இப்ப நீங்க. 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இங்க பிறந்திருந்தா பிறப்பாலயே இந்தியக் குடிமகன், அந்த அடிப்படைலதான் 1986-ல மண்டபத்துல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி 2022-ல மதுரை பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. நீங்க 1993, அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கை, அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. இலங்கைக் குடியுரிமையும் தானா வந்துடல, துணைத் தூதரகத்துல உங்க பிறப்பைப் பதிஞ்சு சான்றிதழ் வாங்கினாத்தான் வரும். அதை இத்தனை வருஷமா பண்ணலன்னா இன்னைக்கு ரெண்டு நாட்டுப் பேப்பர்லயும் நீங்க இல்ல, அதனால வேற எதுக்கும் முன்னாடி அதைப் பண்ணுங்க. அப்பாவோட பிறப்புச் சான்றிதழ், அவங்க கல்யாணப் பதிவு ரெண்டோட பிரதியும் தெல்லிப்பழை பிரதேச செயலகத்துல கேக்கலாம், பிறப்புப் பதிவு கிடைக்கலன்னா உத்தேச வயதுச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு. அப்பா இங்க இருக்கும்போதே இதை முடிச்சிடுங்க, அவர் கையெழுத்தும் நேர்ல வர்றதும் தேவைப்படும். மனைவி இந்தியக் குடிமகள், குழந்தையோட குடியுரிமை சிக்கலான கேள்வி, குழந்தையோட அப்பாவான உங்களை 'சட்டவிரோதமா வந்தவர்'னு எடுத்துக்கிட்டா குழந்தைக்கு மறுப்பாங்க, அதனால குழந்தையை இப்ப எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க, தனியா ஒரு வக்கீலோட உக்காந்து பேசுங்க.

வீடு விஷயத்துல நான் உங்களைத் திருப்பி ஒண்ணு கேக்கறேன், அது அப்பா வீடா, அம்மாவோட சீதன வீடா? யாழ்ப்பாணத்துல பாதி வீடு பொம்பளைங்க பேர்லதான் இருக்கும், யாழ்ப்பாணத் தமிழர்களுக்கான தேசவழமைச் சட்டப்படி சீதனம் அம்மாவோட தனிச் சொத்து, அப்படின்னா இப்ப வாரிசு நீங்களும் உங்க கூடப் பிறந்தவங்களும், அப்பா மட்டும் கையெழுத்துப் போட்டு ஒண்ணும் ஆகாது. காணிப் பதிவகத்துல உறுதியோட (வீட்டுப் பத்திரம்) பிரதி எடுத்தா யார் பேர்னு தெரிஞ்சிடும். அத்தை மகன் பத்து வருஷத்துக்கு மேல இருக்கார்ங்கறது ஆபத்துதான், உரிமையாளரோட அனுமதி இல்லாம, அவர் உரிமைக்கு எதிரா பத்து வருஷம் அனுபவிச்சா உரிமை கோரலாம்னு அங்க சட்டம். ஆனா உறவுக்காரர்னு நீங்க அனுமதிச்சு உக்காந்தவர் அப்படி சுலபமா கோர முடியாது. அதுக்கு சாட்சி வேணும். "வீட்டைப் பாத்துக்கிறன், வந்ததும் சாவி தாறன்"னு அத்தை வீட்டுக்காரங்க எழுதின பழைய ஏர்மெயில் கடிதம் அம்மாவோட டிரங்குப் பெட்டில இருக்கான்னு தேடுங்க, வாட்ஸ்அப்ல பேசின வாய்ஸ் இருந்தா அழிச்சிடாதீங்க. இப்பவே சண்டை போடாதீங்க, அப்பா போய் இறங்கி தங்கற முதல் மாசத்துக்கு அந்த வீட்டுல ஒரு ரூம் தேவைப்படலாம். ஆனா எந்தப் பேப்பர் நீட்டினாலும், அற்றோர்னித் தத்துவம் (பவர் ஆஃப் அட்டர்னி) மட்டும்தான்னு சொன்னாலும், வக்கீல் படிக்காம அப்பா கையெழுத்துப் போடக் கூடாது.

அம்மாவோட இறப்புச் சான்றிதழ்ல பேர் ஸ்பெல்லிங் இலங்கைப் பதிவோட ஒத்துப் போகுதான்னு இந்த வாரமே பாருங்க, முகாம்ல எழுதும்போது தப்பா எழுதியிருப்பாங்க, அதைத் திருத்தறதுக்கே நாள் ஆகும். மண்டபம் பதிவுச் சீட்டும் முகாம் அடையாள அட்டையும் எந்த ஆபீஸ்ல கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, ஒரிஜினலைக் காட்டிட்டு கையோட வாங்கிடுங்க.