அகபாந்தஸ்: இலை உண்டு, பூ எங்கே? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

(அகபாந்தஸ், நீண்ட தண்டின் நுனியில் நீலமாகவோ வெள்ளையாகவோ கொத்தாகப் பூக்கும் தென்னாப்பிரிக்கக் கிழங்குச் செடி.)

மூன்று வருஷமாக இலை மட்டும் தளதளவென்று இருக்கிறது; ஒரு தண்டுகூட வரவில்லை. மாசாமாசம் சாணம் போடுகிறேன். என்ன குறை? (கோத்தகிரி)

குறை இல்லை, மிஞ்சிப்போனதுதான் சிக்கல். சாணம், யூரியா இரண்டும் தரும் தழைச்சத்து இலைக்கே போகும். அதை நிறுத்துங்கள். அடுத்தது வெயில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சில்வர் ஓக் நிழலிலும் இந்தச் செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் பூக்காது. மரத்தின் வேர் தண்ணீரையும் பிடுங்கிக்கொள்ளும்.

பலர் கோட்டை விடுவது வேறோர் இடத்தில். இந்த ஆண்டுப் பூ முடிந்த கையோடு அடுத்த ஆண்டின் மொட்டு கிழங்கின் நுனியில், கண்ணுக்குத் தெரியாமல், உருவாகத் தொடங்கிவிடுகிறது. ‘பூத்து முடிந்ததே’ என்று அப்போது செடியைக் காயவிட்டால் அடுத்த பருவத்துக்கு மொட்டே இருக்காது. பூ வாடியதிலிருந்து இரண்டு மாதத்துக்கு, மழையில்லாத வாரங்களில், வாரம் இருமுறை வேர் நனையத் தண்ணீர் விடுங்கள். சாம்பல்சத்து உரமான சல்பேட் ஆஃப் பொட்டாஷை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை ஈர மண்ணில் ஊற்றுங்கள். விதை தேவையில்லை என்றால் வாடிய தண்டை அடியோடு வெட்டிவிடலாம்.

பூக்கவில்லையே என்று அவசரப்பட்டுப் பிரித்து நடாதீர்கள். பிரித்த செடி ஒன்றிரண்டு ஆண்டு பூக்காமல் கிடப்பது சகஜம்.

அப்படியானால் எப்போது, எப்படிப் பிரிப்பது? (கொடைக்கானல்)

நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை போதும். கொத்தின் நடுப்பகுதி வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் பூக்கத் தொடங்குவதுதான் அடையாளம். பூ முடிந்ததும் செய்யுங்கள்.

முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். கொத்திலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் கடப்பாரை போட்டு நெம்பினால் மொத்தமாக வரும். வேர் பென்சில் கனத்தில், வெள்ளையாக, பின்னிப் பிணைந்திருக்கும். கையால் பிரிக்கப் பார்த்தால் ஒடியும். பழைய ரம்பத்தால் அறுப்பதே மேல். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தும் அதற்குரிய வேரும் இருக்கட்டும். பழுப்பாகக் கொழகொழத்த பகுதியைச் செதுக்கி எறியுங்கள். இலையைப் பாதியாக வெட்டி, அறுத்த வாய் காய ஒரு நாள் நிழலில் வைத்து, 40 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். இலையின் வெள்ளை அடி பச்சையாக மாறும் இடம் மண் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே புதைத்தால் கொடைக்கானல் மழைக்குக் குருத்து அழுகும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டியில் வேர் நெருக்கினால்தான் பூக்கும் என்கிறார்களே? (குன்னூர்)

பாதி உண்மை. ஒரு செடிக்கு 25 செ.மீ. தொட்டி போதும், ஆரம்பத்திலேயே அண்டா போன்ற தொட்டியில் வைத்தால் வேரும் இலையும்தான் பெருகும். ஆனால் ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் நேரே அடியில் வழிந்தால் நெருக்கம் எல்லை மீறிவிட்டது. ஓர் அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய இலையுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. வாய் குறுகிய, வயிறு பெருத்த தொட்டி மட்டும் வேண்டாம். நாளை செடியை எடுக்கத் தொட்டியைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.

சென்னை மொட்டை மாடியில் வளருமா?

வளரும், பூவை நம்பாதீர்கள். இரவுக் குளிர்ச்சி போதாது. நீல நிறம்தான் ஆசை என்றால் பிளம்பாகோ வையுங்கள். அதுவும் தென்னாப்பிரிக்காச் செடிதான், ஆனால் சமவெளி வெயிலைத் தாங்கிப் பூக்கும்.

மொட்டு வீங்கி, நிறம் மங்கி, விரியாமலே காய்கிறது. (லண்டன்)

ஒரு மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே பொடிப் பொடியாக வெளிர்மஞ்சள் புழு இருந்தால் அது அகபாந்தஸ் முடிச்சு ஈ. பிரிட்டனில் 2014-இல்தான் இது கண்டறியப்பட்டது. மருந்தடித்துப் பயனில்லை. பாதித்த பூங்கொத்தைத் தண்டோடு வெட்டி, பையில் இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டு உரக்குழியில் போடக் கூடாது. புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் என்பதால் தொட்டியின் மேல்மண்ணையும் மாற்றிவிடுங்கள்.

அக்கம்பக்கத்தார் இதைக் களை என்கிறார்கள். பிடுங்க வேண்டுமா? (மெல்பர்ன்)

அவர்கள் சொல்வது சரி. விக்டோரியா மாநிலத்தில் இது தோட்டம் தாண்டிக் காட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் பரவுகிறது. வீடு அப்படிப்பட்ட இடத்தை ஒட்டியிருந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். துண்டு மிஞ்சினால் மறுபடி துளிர்க்கும். நகர நடுவில் என்றால், காய் பச்சையாக இருக்கும்போதே தலையை வெட்டிவிடுவது போதும்.

வெள்ளைப் பூச்செடியின் விதை கிடைத்தது. போடலாமா? (உதகை)

புது விதையென்றால் போடலாம். கறுத்த, தட்டையான விதையைப் பொடிமணல் கலந்த மண்ணில் மேலாக விதைத்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் முளைக்கும். பூக்க மூன்று ஆண்டாவது ஆகும்; அதுவும் வெள்ளையாகவே பூக்கும் என்று சொல்ல முடியாது. வெள்ளைதான் வேண்டும் என்றால் அதே செடியில் ஒரு கிழங்குத் துண்டு கேட்டு வாங்குங்கள்.