பழைய டூரிங் சைக்கிளுக்கு எந்த டயர்?

கேள்வி: பிரான்சுக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பத்திடம் பழைய டூரிங் சைக்கிள் வாங்கினேன். இரண்டு டயரும் வெடிப்பு விட்டுவிட்டன. பக்கவாட்டில் 27 × 1¼ என்று மட்டும் தெரிகிறது. ஒரு கடையில் 28 இஞ்ச் டயர் கொடுத்தார்கள், தொளதொளவென்று நிற்கிறது. இன்னொரு கடையில் கொடுத்த 700சி டயர் ஏறவே இல்லை. ரிம்மையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
(முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்கள் டயர் இன்றும் தயாராகிறது, அதைச் சரியான எண் சொல்லிக் கேட்க வேண்டும். இஞ்ச் கணக்கை நம்ப முடியாது. 28 என்பது 27-ஐவிடப் பெரியது, 700சி அதற்கும் பக்கம் என்று தோன்றும். ஆனால் டயரின் உள்விளிம்புக் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்தான் முக்கியம். நம்மூர் பெரிய சைக்கிளின் 28 × 1½-க்கு அது 635 மி.மீ., 27 × 1¼-க்கு 630, 700சி-க்கு 622. உங்களுக்கு நடந்தது முழுவதும் இந்த மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது. 635 டயர் 630 ரிம்மில் கையாலேயே ஏறிவிடும். காற்றடித்தால் ஓரம் ரிம்மைத் தாண்டி வெளியே வரும், டியூப் பிதுங்கி வெடிக்கும். ஓடும்போது அப்படி ஆனால் ஆபத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். 622 டயரை லிவர் போட்டு நெம்பவும் வேண்டாம், உள்விளிம்புக் கம்பி அறுந்துபோகும்.

பழைய டயரில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். முன்பு யாராவது பின்சக்கர ரிம்மை மாற்றியிருக்கலாம். இரண்டு ரிம்மையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் எடுங்கள். மெல்லிய கட்டுக்கம்பியை, டயர் உட்காரும் பள்ளத்து ஓரத்தில் இறுக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தில் அடையாளம் வைத்து, தரையில் நீட்டி அளக்கவும். தூண்டில் நரம்பு இழுபடும், அது வேண்டாம். 195.4 செ.மீ. வந்தால் 622. 197.9 என்றால் 630. 199.5 என்றால் 635. விட்டத்தில் வெறும் 8 மி.மீ. வித்தியாசம் சுற்றளவில் 25 மி.மீ. ஆகிவிடுவதால், குறுக்கே டேப் பிடித்து அளப்பதைவிட இதில் தவறு குறைவு.

630 வந்தால் கடையில் “27 இஞ்ச்” என்று நிறுத்தாமல் “32-630” என்று கேளுங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். ஷ்வால்பே, பானாரேசர் இரண்டிலும் இந்த அளவு உண்டு. உள்ளூர்க் கடையில் பெரும்பாலும் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். டியூப் பற்றிக் கவலை இல்லை, 700 × 28–35 டியூபே போதும். ரிம்மின் வால்வு ஓட்டையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டை 6.5 மி.மீ. என்றால் மெல்லிய பிரெஸ்டா வால்வு டியூப்தான் போகும். நம்மூர் டியூபைப் போட வேண்டும் என்பதற்காக ஒடுங்கிய ரிம்மில் துளை பெரிதாக்காதீர்கள், ரிம் பலவீனமாகும். ரிம் பழைய இரும்பாக, உள்ளே கொக்கி மடிப்பு இல்லாமல் வழவழவென்றிருந்தால் 70 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று ஏற்றாதீர்கள்.

ரிம் துருப்பிடித்து அரித்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். கடற்கரை ஊரில் ஸ்போக்ஸ் கம்பியை ரிம்மில் பிடித்து வைக்கும் நிப்பிள் அடியில்தான் முதலில் துரு பிடிக்கும், அங்கே பாருங்கள். 622 ரிம் போட்டால் டயர் எளிதில் கிடைக்கும். ஆனால் ரிம் விளிம்பு 4 மி.மீ. உள்ளே போய்விடும். பிரேக் கட்டையை அந்த அளவு கீழே இறக்க பிரேக்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிம்மில் ஸ்போக்ஸ் கம்பி ஓட்டைகளையும் எண்ணுங்கள். டூரிங் சைக்கிளில் இரண்டு சக்கரத்துக்கும் 36 இருப்பது வழக்கம். நம்மூர்ப் பெரிய சைக்கிளிலோ முன்னே 32, பின்னே 40. ஹப்போடு எண்ணிக்கை பொருந்தாத ரிம் வாங்கினால் காசு வீண்.

கேள்வி: எனது பழைய பிரெஞ்சு சைக்கிளில் 26 × 1½ என்று இருக்கிறது. ஆன்லைனில் 26 × 1.50 வாங்கினேன், சேரவில்லை. கணக்குப்படி இரண்டும் ஒன்றுதானே?
(மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இல்லை. பின்னத்தில் எழுதிய 26 × 1½ என்பது 584 மி.மீ., 650பி என்றும் சொல்வார்கள். புள்ளி வைத்து எழுதிய 26 × 1.50 மலைச் சைக்கிள் அளவு, அது 559. இன்னொரு பொறி 26 × 1⅜, அது 590. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: இன்றைய 27.5 இஞ்ச் டயரும் 584-தான். 2.1 இஞ்ச் அகலத்தில் வாங்கினால் மட்கார்டில் உரசும். 38 முதல் 42 மி.மீ. வரை தேடுங்கள்.

கேள்வி: தவறான அளவு டயரைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார்.
(வில்லியனூர், புதுச்சேரி)

பதில்: “உங்கள் சைக்கிளுக்கு இது பொருந்தும்” என்று சொல்லிக் கொடுத்திருந்தால் கேட்க உரிமை உண்டு. நீங்களே அளவு சொல்லி வாங்கியிருந்தால் வாதம் பலவீனம். பில்லை எடுத்துக்கொண்டு பேசிப் பாருங்கள், சரிவராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த முறை 32-630 போன்ற எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரிம்மில் ஏற்றுவதற்கு முன் டயரில் அச்சாகியுள்ள எண்ணைச் சரிபாருங்கள். லிவர் தடம் விழுந்த டயரை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.