மலையூரில் யாருக்கு எந்த இடம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனும் மகளும் உதகையில் ஒரே கல்லூரியில் படிக்கிறார்கள். மகன் இரவு எட்டு மணிக்கு வந்தாலும் எனக்குப் பதற்றமில்லை. மகள் ஐந்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடிவயிறு கலங்குகிறது. இது என் மனத்தின் பயமா, ஊரின் கோளாறா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: ஊரின் அமைப்பிலிருந்துதான் உங்கள் பயம் பிறக்கிறது. பஸ் நிற்கும் முக்கிலிருந்து ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, இறங்கும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் விளக்கு இல்லையென்றால், உங்கள் மகள் எத்தனை மணி வரை நூலகத்தில் உட்காரலாம், எந்தச் சிறப்பு வகுப்பில் சேரலாம், படித்து முடித்தபின் எந்த வேலைக்குப் போகலாம் என்பதையெல்லாம் அந்த அரைக் கிலோமீட்டரே முடிவு செய்துவிடுகிறது. பனிமூட்டம் இறங்கிய பிறகு கரடியும் காட்டெருமையும் இருவரையும் ஒன்றுபோலத்தான் மிரட்டும். மகள் கூடுதலாக அஞ்சுவது மனிதருக்கு.

உதகையின் சேரிங் கிராஸ் சந்திப்பில் ஒரு மாலை நின்று பாருங்கள். டீக்கடை வாசலில் ஆண்கள் கையில் கிளாஸோடு அரை மணி நேரம் சும்மா நிற்பார்கள். பெண்களோ பையைத் தூக்கிக்கொண்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு, எங்கோ போய்க்கொண்டே இருப்பார்கள். வேலையில்லாமல் பத்து நிமிடம் நிற்கும் பெண்ணிடம் “யாருக்காகம்மா நிக்கிற?” என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருப்பதாக நாம் நினைக்கிறோம்.

ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1990-களின் நடுவில் பூங்காக்களை ஆராய்ந்தவர்கள், ஒன்பது வயதைத் தாண்டிய சிறுமிகள் அங்கிருந்து மெல்ல மறைந்துபோவதையும், பையன்கள் மைதானத்தைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள் இடத்துக்காகச் சண்டையிடாமல் விலகிவிடுவதையும் கண்டார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களில் மைதானத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளையும் வேறு ஆட்டங்களுக்கான இடங்களையும் கூட்டியபின் சிறுமிகள் திரும்ப வந்தார்கள். அவர்களுக்கு யாரும் தைரியம் சொல்லிக் கொடுக்கவில்லை; இடத்தைத்தான் மாற்றினார்கள்.

நம் மாநிலத்தில் 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பஸ் பயணம் நீலகிரி மலைக்கு 2024-இல்தான் வந்து சேர்ந்தது. கொழுந்து பறித்துப் பிழைக்கும் பெண்ணுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இருட்டிய பின் பஸ்ஸே வராத தடத்தில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன பயன்? கிராம சபையில் விளக்கைக் கேளுங்கள்; கடைசி பஸ்ஸின் நேரத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை மகளை ஐந்தரைக்குள் வரச் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: என் தாத்தா 1970-களில் கண்டியிலிருந்து வந்தவர், நான் குன்னூரில் பிறந்தவன். இன்றும் எங்கள் தெருவைச் ‘சிலோன் காலனி’ என்கிறார்கள். தமிழர்களான எங்களைத் தமிழ்நாட்டிலேயே ஏன் தனியாக எண்ணுகிறார்கள்?
– வாசகர், குன்னூர்

பதில்: நீலகிரியில் குடியிருப்பின் பெயரைச் சொன்னாலே குடியிருப்பவர் யாரென்று தெரிந்துவிடும். தோடருக்கு மந்து, கோத்தருக்குக் கோக்கால், படகருக்கு ஹட்டி, தோட்டத் தொழிலாளிக்கு லைன் வீடு, பட்டியல் சாதியினருக்குக் காலனி. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தபின் வளர்ந்த உதகையில், வெள்ளையரின் பங்களாக்கள் மேடுகளில் விலகி விலகி எழுந்தன. பஜார் பள்ளத்தில் நெருங்கியது. மந்து என்ற சொல் ஊட்டகமண்ட் என்ற ஊரின் ஆங்கிலப் பெயரில் ஒட்டிக்கொண்டது. தோடர்களோ, தாவரவியல் பூங்காவுக்கு மேலுள்ள தங்கள் மந்தில், சுற்றுலா வருபவர்கள் எட்டிப் பார்க்கும் காட்சியாக ஆக்கப்பட்டார்கள்.

உங்கள் தாத்தாவின் தலைமுறை இந்த வரிசையில் கடைசியாகச் சேர்க்கப்பட்டது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று, மனிதர்களை மூட்டை எண்ணுவதுபோல எண்ணிப் பிரித்தது. வந்தவர்களுக்கு வேலை தர 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களே பிற்பாடு டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. வேலை கிடைத்தது; ஆனால் ஊருக்குள் மனை கிடைக்காமல் தோட்டத்துக்குள் வீடு கிடைத்ததால், மொழியும் சாமியும் ஒன்றாக இருந்தும் பலர் ஊராரோடு கலக்க வழியில்லாமல் போயிற்று. வேலையோடு ஒட்டிய வீடு என்பதால் வேலை முடியும் நாளில் வீட்டையும் விட வேண்டிய கவலை வேறு.

தனிக் குடியிருப்பு என்பது முழுக்கத் தீங்கு என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளர் வருகையைச் சட்டம் போட்டுத் தடுத்த காலத்தில், சான் பிரான்சிஸ்கோவின் சீனர்கள் தங்கள் பேட்டைக்குள்ளேயே நெருங்கி வாழ்ந்ததற்கு வெளியில் வீடு மறுக்கப்பட்டதும் காரணம், அடி உதைக்கு அஞ்சியதும் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் வேலி, உள்ளே இருந்தவருக்கு அடைக்கலம். உங்கள் தெருவிலும் மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, சாவு வீட்டுக்கு முதலில் ஓடி வந்தவர்கள் அந்தத் தெருக்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் வீடு பார்க்கப் போகிறவரிடம் “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்கும் வழக்கம் எந்த ஆவணத்திலும் எழுதப்பட்டதில்லை; அங்கேதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: நான் திருநங்கை. உதகையில் மூன்று மாதமாக வாடகை வீடு தேடுகிறேன். போனில் சரி என்பவர்கள், நேரில் பார்த்ததும் “இப்பதான் வேற ஆளுக்குக் குடுத்தோம்” என்கிறார்கள். தோழிகள் கோவைக்கு வந்துவிடச் சொல்கிறார்கள். பிறந்த ஊரை விட்டுப் போகத்தான் வேண்டுமா?
– வாசகி, உதகை

பதில்: போக வேண்டியதில்லை. தோழிகள் ஏன் அழைக்கிறார்கள் என்பது புரிகிறது: பெருநகரில் உங்கள் அப்பாவைத் தெரிந்தவர் தெருவுக்குத் தெரு இருக்க மாட்டார், ஜமாத் எனப்படும் திருநங்கையர் கூட்டமைப்பின் துணையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதியில் 1970-களில் தன்பாலீர்ப்பு ஆண்கள் ஒன்றாகக் குடியேறி, கடை வைத்து, வாக்கு வலிமை பெற்று, 1977-இல் தங்களில் ஒருவரான ஹார்வி மில்க்கை நகர மன்றத்துக்கு அனுப்பினார்கள். தன்பாலீர்ப்புப் பெண்களுக்கு அத்தகைய பேட்டை அவ்வளவு எளிதில் அமையவில்லை. பெண்ணின் சம்பளம் குறைவு, அதனால் வாடகைக்கும் வழி குறைவு. சேர்ந்து வாழ இடம் பிடிப்பதற்கும் பணம் வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பாலினத்தவரின் உரிமையை 2014-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் உங்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. குடியிருக்கும் இடத்தை விட்டு உங்களை விரட்டுபவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கிறது. ஆகவே வீடு அமைந்தால் வாய்ப்பேச்சோடு விடாமல் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், வாடகை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மறுப்புகள் தொடர்ந்தால் தேதியோடு குறித்துவைத்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். இதைப் படிக்கும் உதகை வீட்டுக்காரர் எவரிடமேனும் ஓர் அறை காலியாக இருந்தால், இதழின் முகவரிக்கு எழுதுங்கள். கடிதத்தை இந்த வாசகியிடம் சேர்ப்பது என் பொறுப்பு.